நடந்து போக முடியாத நாடு: கூச் பெஹார் சிட்மகால்களின் 68 ஆண்டுகள்

மேற்கு வங்கத்தின் வடக்கே கூச் பெஹார் மாவட்டம். அங்கே தின்ஹாட்டா என்றொரு ஊர். 2015 வரை அதன் சுற்றுவட்டாரத்தில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன பல தகப்பன்மார், விண்ணப்பத்தில் ‘தந்தை பெயர்’ என்ற இடத்தில் தங்கள் பெயரை எழுதவில்லை. பக்கத்துக் கிராமத்தில் தெரிந்தவர் யாராவது இருப்பார். அவர் இந்தியக் குடிமகன், வாக்காளர் அட்டை வைத்திருப்பவர். அவருடைய பெயரை எழுதினார்கள். பிரசவத்துக்கு மருத்துவமனை போன பெண்களும் அப்படித்தான், கணவன் பெயர் கேட்டால் வேறொருவர் பெயரைச் சொன்னார்கள். பெயரைக் கடன் கொடுத்தவர்களில் இரக்கப்பட்டுக் கொடுத்தவரும் உண்டு, காசு வாங்கிக்கொண்டு கொடுத்தவரும் உண்டு.

இத்தனைக்கும் அவர்கள் எங்கிருந்தோ வந்தவர்கள் இல்லை. தலைமுறை தலைமுறையாக அதே மண்ணில் உழுதவர்கள். ஆனால் அவர்களுடைய ஊர், வரைபடப்படி வங்கதேசம். ஊரைச் சுற்றி நான்கு பக்கமும் இந்தியா. அவர்களுடைய சொந்த நாட்டுக்குப் போக வேண்டுமென்றால் இன்னொரு நாட்டைத் தாண்ட வேண்டும், தாண்டுவதற்கு அனுமதி கிடையாது. எல்லைக்கு அந்தப் பக்கம், வங்கதேசத்துக்குள் இதே நிலையில் இந்தியத் துண்டுகள் கிடந்தன. இந்தத் துண்டு நிலங்களுக்கு வங்காளத்தில் சிட்மகால் என்று பெயர். ‘சிட்’ என்றால் சிதறிய துண்டு. மகால் என்றதும் நமக்கு அரண்மனையும் கல்யாண மண்டபமும்தான் ஞாபகம் வரும். அங்கே அது வரி வசூலுக்காக வகுத்த நிலப் பகுதியைக் குறிக்கும் பழைய சொல்.

ஒரு நாடு என்பது எது என்று கேட்டால் சர்வதேசச் சட்ட மாணவர்கள் 1933இல் கையெழுத்தான மாண்டிவிடியோ உடன்படிக்கையைச் சொல்வார்கள். நிலையான மக்கள்தொகை, வரையறுத்த நிலப்பரப்பு, அரசாங்கம், பிற நாடுகளோடு உறவு வைத்துக்கொள்ளும் ஆற்றல் என்று நான்கு தகுதிகள். இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் நான்கும் உண்டு, யாரும் மறுக்க முடியாது. அப்படியிருந்தும் இரண்டு நாடுகளுக்கும் சொந்தமான நிலத்தில் ஐம்பதாயிரம் பேர் நாடு இல்லாதவர்களாக வாழ்ந்தார்கள். நாடு என்பதை மேலிருந்து பார்த்து வரையறுக்கும்போது எதைத் தவறவிடுகிறோம் என்பதற்கு இதைவிடத் தெளிவான நிகழ்வு எனக்குத் தெரிந்து இல்லை.

சதுரங்கக் கதை

கூச் பெஹார் மகாராஜாவும், பக்கத்து ரங்பூரை முகலாயர்களுக்காக ஆண்ட ஃபௌஜ்தார் என்ற அதிகாரியும் சதுரங்கம் ஆடினார்கள், பணயமாகக் கிராமங்களை வைத்தார்கள், தோற்றவர் கொடுத்த கிராமங்கள்தான் சிட்மகால்கள். அந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நடந்தது வேறு. முகலாயர்களுக்கும் கூச் பெஹாருக்கும் நீண்ட காலம் சண்டை. 1711 முதல் 1713 வரை உடன்பாடுகள் செய்து சண்டையை முடித்தார்கள். போடா, பாட்கிராம், பூர்வபாகம் ஆகிய பகுதிகள் முகலாயர் கைக்குப் போயின. ஆனால் அந்தப் பகுதிகளுக்குள் கூச் பெஹார் ராஜாவுக்கு விசுவாசமான ஜமீன்தார்கள் சிலர் இடத்தைவிட்டு நகரவில்லை. அதேபோல் கூச் பெஹாருக்குள் முகலாயப் படைவீரர்கள் சிலர் பிடித்துவைத்திருந்த நிலத்தை விடவில்லை. யார் யாருக்கு வரி கட்டினார்களோ, அவரவர் நிலம் அந்தந்த ராஜாவின் கணக்கில் சேர்ந்தது. அவ்வளவுதான்.

அன்றைக்கு இதில் யாருக்கும் கஷ்டம் இல்லை. ராஜ்யம் என்பது கோடு போட்டு அடைத்த இடமாக அப்போது இல்லை. வரியை இங்கே கட்டிவிட்டு அங்கே சந்தைக்குப் போகலாம், பெண் எடுக்கலாம், பெண் கொடுக்கலாம். கிழக்கிந்தியக் கம்பெனி 1765இல் வங்காளத்தின் வரிவசூல் உரிமையைப் பெற்றது, 1773இல் கூச் பெஹாரைத் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டது. ஆக இரண்டு பக்கமும் கடைசியில் ஒரே ஆட்சியின் நிழலுக்குள் வந்தன. துண்டுகள் துண்டுகளாகவே இருந்தன, ஆனால் யாரையும் உறுத்தவில்லை.

கோடு விழுந்த பிறகு

1947இல் இந்தியாவையும் பாகிஸ்தானையும் பிரிக்க, பிரிட்டிஷ் வழக்கறிஞர் ராட்கிளிஃப் கோடு போட்டார். ரங்பூர் கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போனது. கூச் பெஹார் அப்போது சமஸ்தானம், 1949 செப்டம்பரில்தான் அதன் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1950 ஜனவரி 1 அன்று மேற்கு வங்கத்தின் ஒரு மாவட்டமானது. மகாராஜாவின் சிதறிய நிலங்கள் எல்லாம் அந்த நாளோடு இந்தியா. ரங்பூரின் சிதறிய நிலங்கள் எல்லாம் பாகிஸ்தான். வரி ரசீதில் இருந்த ஒரு வேறுபாடு, சர்வதேச எல்லை ஆகிவிட்டது.

முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டு அதிகாரிகள் போய்வரலாம் என்று 1950இல் ஓர் ஏற்பாடு செய்தார்கள். அது அதிக நாள் ஓடவில்லை. 1952 அக்டோபரில் இரு நாடுகளுக்கும் இடையே பாஸ்போர்ட்டும் விசாவும் கட்டாயமாயின. சிட்மகால் மக்களின் கதையில் நான் மிக முக்கியமான தேதியாக நினைப்பது 1947 ஆகஸ்ட் இல்லை, இந்த 1952 அக்டோபர்தான். எப்படி என்று பாருங்கள். கிழக்குப் பாகிஸ்தானுக்குள் இருந்த இந்தியத் துண்டில் ஒருவர் வசிக்கிறார். அவர் வெளியே கால் வைத்தாலே பாகிஸ்தான், அதற்கு விசா வேண்டும். விசா வாங்கப் பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட் வாங்க இந்திய அலுவலகத்துக்குப் போக வேண்டும். அந்த அலுவலகம் இந்தியாவின் பெருநிலத்தில் இருக்கிறது, அங்கே போக முதலில் பாகிஸ்தானைத் தாண்ட வேண்டும். அதாவது சட்டப்படி வெளியே வருவதற்கு, முதலில் சட்டத்தை மீறி வெளியே வந்தாக வேண்டும். இதை யாரும் வேண்டுமென்று திட்டமிட்டுச் செய்யவில்லை. டெல்லியிலும் கராச்சியிலும் விதி எழுதியவர்கள் மனதில் இந்த மனிதர்கள் இல்லவே இல்லை, அதுதான் நடந்தது.

1930 வாக்கில் அப்படியொரு துண்டில் பிறந்த ஒருவரை நினைத்துப் பார்க்கலாம். பிறந்தபோது அவர் கூச் பெஹார் மகாராஜாவின் பிரஜை. 1949இல் இந்தியர். ஆனால் வீட்டைச் சுற்றி 1971 வரை பாகிஸ்தான், அதற்கப்புறம் வங்கதேசம். எண்பது வயது தாண்டி 2015 வரை உயிரோடு இருந்திருந்தால், கடைசியில் அவரே வங்கதேசக் குடிமகன். இத்தனைக்கும் அவர் வீட்டைவிட்டு எங்கும் போகவில்லை.

உள்ளே எப்படி இருந்தது

2015இல் கைமாறியவை மொத்தம் 162 துண்டுகள். வங்கதேசத்துக்குள் இருந்த இந்தியத் துண்டுகள் 111, பரப்பு 17,160 ஏக்கர் சொச்சம். இந்தியாவுக்குள் இருந்த வங்கதேசத் துண்டுகள் 51, பரப்பு 7,110 ஏக்கர். சில, ஆயிரம் ஏக்கரைத் தாண்டிய பெரிய கிராமங்கள். சில, ஒரு வயல் அளவு. துண்டுக்குள் துண்டும் உண்டு. தஹலா கக்ராபாரி என்ற இந்தியத் துண்டு ஒரு வங்கதேசத் துண்டுக்குள் இருந்தது, அந்த வங்கதேசத் துண்டு ஓர் இந்தியத் துண்டுக்குள், அந்த இந்தியத் துண்டு வங்கதேசத்துக்குள். உலகத்தில் இப்படி மூன்றடுக்கில் இருந்த ஒரே இடம் இது. ஆள் யாரும் குடியிருக்கவில்லை, இரண்டு ஏக்கருக்கும் குறைவான சணல் வயல். உலகப் பத்திரிகைகள் இதைப் பற்றித்தான் அதிகம் எழுதின. அது எனக்கு வருத்தம். வரைபட விசித்திரமாகப் பார்க்கத் தொடங்கினால் மனிதர்கள் கண்ணில் படாமல் போய்விடுகிறார்கள்.

உள்ளே பள்ளி இல்லை, ஆரம்ப சுகாதார நிலையம் இல்லை, மின்சாரம் இல்லை, தார்ச்சாலை இல்லை. மின்கம்பி பக்கத்துக் கிராமம் வரை வந்து நின்றுவிடும். அடுத்த வீட்டில் விளக்கு எரியும், இவர்கள் வீட்டில் எரியாது, ஏனென்றால் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சர்வதேச எல்லை. ஓட்டு இல்லை, ரேஷன் இல்லை, முறையான பிறப்புச் சான்றிதழ் இல்லை.

கொலை நடந்தால்? சுற்றியிருக்கும் நாட்டின் போலீஸ் உள்ளே வர முடியாது, அது வேற்று நாட்டு மண். சொந்த நாட்டின் போலீஸ் வந்து சேர வழியே இல்லை. திருடுபவனும் தெரிந்துதான் திருடினான், கேட்க ஆள் இல்லை என்று. சட்டம் எட்டாத இடம் என்பதால் வெளியாட்கள் வந்து ஒளிந்துகொண்டார்கள், சில இடங்களில் கஞ்சா பயிரானது. வெளியூர்க்காரர்கள் இந்த ஊர்களில் பெண் கொடுக்கத் தயங்கினார்கள்.

நிலம் விற்பது, வாங்குவது இன்னொரு தலைவலி. இந்தியத் துண்டின் நிலப் பதிவேடு கூச் பெஹாரில் இருந்தது. பதிவு செய்ய அங்கே போக முடியாது. ரங்பூர் பக்கத்துப் பதிவு அலுவலகமோ இது எங்கள் நாட்டு நிலமில்லை என்று சொல்லிவிடும். பல இடங்களில் மக்களே ஊர்க்குழு அமைத்துக்கொண்டார்கள். தலைவர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் முன்னிலையில் எழுதி, அந்தக் காகிதத்தையே பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். எனக்கு இந்த ஊர்க்குழுக்களின் மேல் மிகுந்த மரியாதை. மேலே அரசு என்று ஒன்று வராதபோது, தகராறைத் தீர்க்கவும் நிலத்தை எழுதவும் ஏதாவது ஒன்று வேண்டுமே என்று சாதாரண விவசாயிகள் கட்டிய குட்டி அரசாங்கம் அது. அந்தக் காகிதத்தை ஊருக்கு வெளியே ஒருவரும் ஏற்கவில்லை. ஊருக்குள் அதை வைத்துத்தான் பல தலைமுறை நிலம் கைமாறியது.

இரண்டு பக்கத்துத் துண்டுகளுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. 1980களின் பிற்பகுதியிலிருந்து இந்தியா எல்லையில் வேலி போட ஆரம்பித்தது. இந்தியாவுக்குள் இருந்த மசால்டாங்கா, பொவாதுர்குட்டி போன்ற வங்கதேசத் துண்டுகள் வேலிக்கு இந்தப் பக்கம் அகப்பட்டன. அங்கிருந்தவர்கள் இந்தியச் சந்தையில் விற்றார்கள், இந்திய ரூபாயில் வாழ்ந்தார்கள், கடன் வாங்கிய பெயரில் இந்தியப் பள்ளியில் படித்தார்கள், வேலை தேடி டெல்லி வரை போனார்கள். பிடிபட்டால் மட்டும் அந்நியர். வேலிக்கு அந்தப் பக்கம் தாசியார் சரா போன்ற இந்தியத் துண்டுகளில் இருந்தவர்களுக்கு இந்தியா என்பது பெயராக மட்டுமே மிஞ்சியது. அவர்களுடைய கடைத்தெரு, கல்யாணம், பாஷையின் வட்டார வழக்கு எல்லாம் குரிகிராம், லால்மோனிர்ஹாட் மாவட்டங்களோடு கலந்துவிட்டன.

வரைபடம் ஒன்றைச் சொல்ல, வாழ்க்கை வேறொன்றாக வளர்ந்துகொண்டே இருந்தது. இந்தியர், வங்கதேசத்தவர் என்பதற்கு அவர்களுக்குள் அர்த்தம் மெல்ல மெல்ல மாறியது. யாரிடம் போய் முறையிட முடியும், யார் பதில் சொல்வார்கள் என்பதை வைத்துத்தான் அவர்கள் நாட்டை எடை போட்டார்கள். அவர்கள் எடுத்த எடைதான் சரி என்பது என் கருத்து.

பேருபாரி: கொடுத்துவிட ஓர் அரசால் முடியுமா?

பிரச்சினை யாருக்கும் தெரியாமல் இல்லை. 1958 செப்டம்பரில் நேருவும் பாகிஸ்தான் பிரதமர் ஃபெரோஸ் கான் நூனும் துண்டுகளை மாற்றிக்கொள்ளச் சம்மதித்தார்கள். அதோடு ஜல்பாய்குரி மாவட்டத்தின் பேருபாரி யூனியனைப் பாதியாகப் பிரித்து ஒரு பாதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுப்பதாகவும் பேச்சு. பேருபாரி சிட்மகால் இல்லை, இந்தியாவோடு ஒட்டி இருந்த சாதாரண ஊர். வங்காளமே கொதித்தது.

விவகாரம் குடியரசுத் தலைவர் மூலம் உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்குப் போனது. 1960 மார்ச்சில் நீதிமன்றம் சொன்னது இதுதான்: மாநில எல்லையை மாற்ற அரசியலமைப்பின் 3ஆம் பிரிவு போதும். ஆனால் இந்திய மண்ணை இன்னொரு நாட்டுக்குக் கொடுக்க அது போதாது, அரசியலமைப்பையே திருத்த வேண்டும். அதன்படி 1960இல் 9ஆவது திருத்தம் வந்தது. வந்தும் பேருபாரி கைமாறவில்லை. வழக்குகள் இழுத்தன, அதற்குள் 1971 போர் வந்து பாகிஸ்தானே அந்தப் பக்கம் இல்லாமல் போனது.

தமிழ் வாசகர்களுக்கு இந்தத் தீர்ப்பு புதிதல்ல, பெயர் மட்டும் மறந்திருக்கலாம். கச்சத்தீவு வழக்கில் தமிழ்நாட்டுத் தரப்பு கையில் எடுத்த வாதம் இந்தப் பேருபாரிக் கருத்துதான். 2008இல் ஜெயலலிதா தாக்கல் செய்த மனுவும், பிறகு 2013இல் கருணாநிதி தாக்கல் செய்த மனுவும், அரசியலமைப்புத் திருத்தம் செய்யாமல் 1974இல் தீவைக் கொடுத்தது செல்லாது என்றன. மத்திய அரசின் பதில், இந்திய மண் எதுவும் கொடுக்கப்படவில்லை, முடிவாகாமல் இருந்த எல்லை அப்போது முடிவானது, அவ்வளவுதான் என்பது. சிட்மகால்களை மாற்றிக்கொள்வதற்கான எல்லை ஒப்பந்தம், கச்சத்தீவு ஒப்பந்தம் இரண்டுமே 1974இல் வந்தவை. இந்திரா காந்தியும் வங்கதேசப் பிரதமர் ஷேக் முஜிபுர் ரஹ்மானும் எல்லை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது மே 16. கச்சத்தீவு ஒப்பந்தம் அடுத்த மாதம், ஜூனில். வடக்கில் நிலம் கொடுக்கத் திருத்தம் வேண்டும் என்று 41 ஆண்டுகள் காத்திருந்தார்கள், தெற்கில் திருத்தமே இல்லாமல் காரியம் முடிந்தது. எந்த நிலம் நாட்டின் உடல், எது வெறும் எல்லைத் தகராறு என்பதை எழுதுகிறவர் தீர்மானிக்கிறார். இந்த வேறுபாடு ராமேஸ்வரத்து மீனவர்களுக்குப் பிடிபடாமல் போனதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

1974 ஒப்பந்தப்படி பேருபாரி இந்தியாவோடு இருக்கும். பதிலுக்குத் தஹாகிராம், அங்கர்போத்தா என்ற பெரிய துண்டு வங்கதேசத்துடனே இருக்கும், அங்கே போய்வர இந்தியா ஒரு பாதையைக் குத்தகைக்கு விடும். மற்ற துண்டுகள் எல்லாம் பரிமாற்றம். வங்கதேசம் அதே ஆண்டு இதற்கு ஒப்புதல் தந்துவிட்டது. இந்தியா தரவில்லை.

மூன்று பீகா

அந்தப் பாதைக்கு தீன் பீகா என்று பெயர், அதாவது மூன்று பீகா. பீகா என்பது நில அளவு. நீளம் 178 மீட்டர், அகலம் 85 மீட்டர். நம்மூரில் ஒரு நடுத்தர ஏரிக்கரையின் நீளம்கூட இல்லை. குத்தகைக்குத் திருத்தம் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 1990இல் சொன்ன பிறகு, 1992 ஜூன் 26இல் திறந்தார்கள். அதுவும் நாள் முழுக்க இல்லை, பகலில் சில மணி நேரம் மட்டும். இரவில் தஹாகிராமில் யாருக்காவது வலி கண்டால் விடிகிற வரை காத்திருக்க வேண்டும். 24 மணி நேரமும் திறந்தது 2011இல். 178 மீட்டர் பாதையை முழுநேரமும் திறந்து வைக்க 1974இலிருந்து கணக்குப் போட்டால் 37 ஆண்டுகள்.

2015, ஜூலை 31

ஏன் இவ்வளவு காலம்? பரிமாற்றத்தில் இந்தியாவுக்குப் பத்தாயிரம் ஏக்கர் குறையும். எந்தக் கட்சியும் அந்தப் பழியை ஏற்கத் தயாராக இல்லை. அந்த ஏக்கர்களில் இந்திய அதிகாரி ஒருவர் கால் வைத்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருந்தன. இருந்தாலும் ‘மண்ணை விட்டுக்கொடுத்தார்கள்’ என்ற ஒரு வரி போதும், தேர்தலில் தோற்க. 2011 செப்டம்பரில் மன்மோகன் சிங்கும் ஷேக் ஹசீனாவும் ஒப்பந்தத்தின் துணை நெறிமுறையில் கையெழுத்திட்டார்கள். 2013 டிசம்பரில் மசோதா மாநிலங்களவைக்கு வந்தபோது கடும் எதிர்ப்பு. 2015 மே மாதம் அதே விஷயம் இரு அவைகளிலும் ஒரு எதிர்ப்பு ஓட்டுகூட இல்லாமல் நிறைவேறியது. அதுதான் அரசியலமைப்பின் 100ஆவது திருத்தம். ஜூன் 6 அன்று டாக்காவில் ஒப்புதல் ஆவணங்களைப் பரிமாறிக்கொண்டார்கள். ஜூலை 31 நள்ளிரவில் அமலுக்கு வந்தது. 68 ஆண்டுகளுக்கு 68 மெழுகுவத்தி ஏற்றினார்கள். மசால்டாங்காவில் மறுநாள் காலை இந்தியக் கொடி ஏறியது.

கொடியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முன் ஜூலை 6 முதல் 16 வரை நடந்த கணக்கெடுப்பு. இரு நாட்டு அதிகாரிகளும் சேர்ந்து வீடு வீடாகப் போய், எந்த நாடு வேண்டும் என்று கேட்டார்கள். ராட்கிளிஃப் கேட்கவில்லை, மகாராஜா கேட்கவில்லை, நேருவும் நூனும் கேட்கவில்லை. முதல் முறையாக ஒருவர் வந்து கேட்டார்.

2011 கூட்டுக் கணக்குப்படி இந்தியத் துண்டுகளில் 37,334 பேர், வங்கதேசத் துண்டுகளில் 14,215 பேர். ஆக மொத்தம் 51,549. இந்தியாவுக்குள் இருந்த வங்கதேசத் துண்டுகளிலிருந்து வங்கதேசம் போகிறேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. வங்கதேசத்துக்குள் இருந்த இந்தியத் துண்டுகளில் இந்தியாவுக்கு வருகிறேன் என்றவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு. அதிலும் சிலர் கடைசி நேரத்தில் மனம் மாறி நின்றுவிட்டார்கள். நவம்பர் மாதத்தில் எல்லை தாண்டி வந்து சேர்ந்தவர்கள் ஏறக்குறைய 920 பேர்.

இந்த எண்களை நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். மசால்டாங்கா, பொவாதுர்குட்டி மக்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். 1947இன் தர்க்கப்படி அவர்கள் கிழக்கே போயிருக்க வேண்டும். ஒருவரும் போகவில்லை. அந்தப் பக்கத்தில் தங்கிவிட்டவர்களில் இந்துக்களும் இருந்தார்கள், இந்தியா வந்தவர்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள். நாட்டைத் தீர்மானிப்பது மதம் என்று துணைக்கண்டத்தைப் பிளந்த வாதத்தை, அந்தப் பிளவால் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மக்களே தங்கள் பதிலால் மறுத்தார்கள். அவர்கள் கேட்டது தாங்கள் நிற்கிற மண்ணையும், பிள்ளைகள் போகிற பள்ளியையும், விளைச்சலை விற்கிற சந்தையையும்தான். இவற்றுக்கு ஏற்கெனவே பொருந்தியிருந்த நாட்டின் பெயரைத் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொண்டார்கள். புலம்பெயர்ந்தவர்கள் புதிய நாட்டுக்குப் பழகுவதைப் பற்றி நிறையப் பேசுகிறோம். இங்கே மனிதர்கள் நகராமலே இன்னொரு நாட்டவராகப் பழகி முடித்திருந்தார்கள். சட்டம்தான் பின்னால் மூச்சிரைக்க ஓடி வந்தது.

துண்டாக இருப்பது குற்றமா?

நெதர்லாந்து, பெல்ஜியம் எல்லையில் பார்லே என்று ஓர் ஊர். அங்கேயும் இதே சிக்கல், இடைக்கால நிலப்பிரபுக்கள் விட்டுப்போனது. பெல்ஜியத்தின் 22 துண்டுகள் நெதர்லாந்துக்குள் கிடக்கின்றன, அந்தத் துண்டுகளுக்குள் நெதர்லாந்தின் துண்டுகள். எல்லை வீதியில் ஓடி, வீட்டுக்குள் நுழைந்து, மறுபக்கம் வெளியே வருகிறது. முன்வாசல் எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டு முகவரி. அதைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் போகிறார்கள்.

அங்கே யாரும் பிள்ளைக்குத் தகப்பன் பெயரைக் கடன் வாங்கவில்லை. இரண்டு அரசுகளும் பேசிக்கொள்கின்றன, எல்லை திறந்திருக்கிறது, குழாய்த் தண்ணீரும் குப்பை வண்டியும் வருகின்றன. ஆகவே கூச் பெஹாரின் துயரத்துக்கு வரைபடத்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. இரண்டு அரசுகள் ஒன்றையொன்று நம்பாததற்கான விலையை, இரண்டுக்கும் ஓட்டுப் போட முடியாத ஐம்பதாயிரம் பேர் கட்டினார்கள்.

காகிதம் இன்னும் முடியவில்லை

கைமாற்றத்துக்குப் பிறகு வங்கதேசப் பக்கத்தில் வேலை வேகமாக நடந்தது. தாசியார் சராவுக்குச் சில மாதங்களிலேயே மின்சாரம் வந்தது. இந்தியப் பக்கத்தில் 1,005 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கினார்கள். 2016 சட்டமன்றத் தேர்தலில் ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேர் வாழ்க்கையில் முதல் முறையாக ஓட்டுப் போட்டார்கள், நூறு வயதைத் தாண்டிய ஒரு முதியவரும் அதில் இருந்தார். ஆனால் ஊர்க்குழுவின் காகிதத்தைப் பட்டாவாக மாற்றுவது அவ்வளவு லேசில் நடக்கவில்லை. அதற்கு மாநிலச் சட்டத்தையே 2018இல் திருத்த வேண்டியிருந்தது.

எல்லை தாண்டி வந்த 920 பேரின் கதை எல்லாவற்றிலும் கடினம். அவர்களைத் தின்ஹாட்டா, மேக்லிகஞ்ச், ஹல்திபாரி ஆகிய மூன்று இடங்களில் தகரக் கொட்டகை முகாம்களில் வைத்தார்கள். தற்காலிகம் என்றார்கள், ஆண்டுக்கணக்கில் நீண்டது. பிறகு அடுக்குமாடி வீடு கிடைத்தது. வயலும் மாடும் குளமுமாக வாழ்ந்த விவசாயிக்கு மாடியில் ஒரு வீடு. பலர் புறப்படும் அவசரத்தில் நிலத்தைக் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தவர்கள். சட்டத்தில் மட்டும் இருந்த இந்தியாவை உண்மை என்று நம்பி வந்தவர்கள் இவர்கள். மற்ற ஐம்பதாயிரம் பேர் நின்ற இடத்தில் நாட்டைப் பெற்றார்கள், இவர்கள் நிலத்தை விட்டு நாட்டை வாங்கினார்கள். இந்தியா தன்னைத் தேடி வந்தவர்களுக்கு இதைவிட நன்றாகச் செய்திருக்க வேண்டும் என்று எனக்கு அழுத்தமாகத் தோன்றுகிறது.

கணக்கெடுப்பிலும் ஓட்டை இருந்தது. 2015இல் தேர்வு செய்யும் உரிமை, 2011 பட்டியலில் இருந்தவர்களுக்கும் அதற்குப் பிறகு பிறந்த அவர்களுடைய பிள்ளைகளுக்கும் மட்டுமே. 2011 ஜூலையில் செங்கல் சூளையிலோ டெல்லியில் கட்டட வேலையிலோ இருந்தவர் பட்டியலில் இல்லை. வீட்டில் எல்லோர் பெயரும் இருக்கும், வெளியூர் போன மகன் பெயர் மட்டும் இருக்காது.

2025 நவம்பரில் மேற்கு வங்கத்தில் வாக்காளர் பட்டியலின் தீவிரத் திருத்தம் தொடங்கியது. அதற்கு அடிப்படை 2002ஆம் ஆண்டுப் பட்டியல். உங்கள் பெயரோ உங்கள் தாய் தந்தை பெயரோ அதில் இருக்கிறதா என்பதுதான் அப்போது கேள்வி. 2015இல் இந்தியரானவர்கள் பெயர் முறைப்படி 2002 பட்டியலில் இருக்க வழியே இல்லை. அன்றைக்கு அவர்கள் சட்டப்படி வங்கதேசத்தவர். நீங்கள் இந்தியராக இருப்பீர்கள் என்று எழுதிக் கொடுத்த அதே அரசின் இன்னொரு படிவம், அவர்கள் இந்தியராக இல்லாத காலத்துக்கான சாட்சியைக் கேட்டது.

தேடினால் சில பெயர்கள் கிடைக்கக்கூடும். பள்ளிச் சான்றிதழில் தந்தை என்று எழுதியிருக்கும் அந்தப் பக்கத்துக் கிராமத்துக்காரரின் பெயர் 2002 பட்டியலில் இருக்கும். 2015 கணக்கெடுப்புத் தாளிலோ பெற்ற தகப்பனின் உண்மையான பெயர் இருக்கிறது. மசால்டாங்காவில் ஒரு பையனின் கையில் இன்று இந்த இரண்டு காகிதங்களும் இருக்கலாம். இரண்டிலும் அவன் பெயர் ஒன்று, அப்பா பெயர் வேறு வேறு.